‘டைரக்ட்’ கொடுக்கச் சொல்லாதீர்கள்: உத்திரமேரூர் வட்டாரத்து டிரையர் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

உத்திரமேரூரிலும், சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், திருப்புலிவனம், களியாம்பூண்டி பக்கங்களிலும் வீட்டில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் அக்காமார்களுக்கும் அண்ணிமார்களுக்கும், அழுக்குத் துணியைக் கழற்றிப் போட்டதோடு தங்கள் வேலை முடிந்தது என்றிருக்கும் அண்ணன்மார்களுக்கும்,



நம் ஊரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பராந்தகச் சோழனில் தொடங்கிக் குடவோலைத் தேர்தலில் முடிப்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பார்க்க எங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்கு ஐப்பசி பிறந்தால் வேறு கவலை. போன் அடிக்க ஆரம்பித்துவிடும். “தம்பி, டிரையர் நல்லாத்தான் சுத்திக்கினு இருந்துச்சு, நடுவுல டப்புனு நின்னுடுச்சு.” ஆள் மாறும், ஊர் மாறும், இந்த வாக்கியம் மாறாது.

மழைக்காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து நிற்கும். வீட்டில் இருப்பது இரண்டு யூனிபார்ம். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். அடைமழையில் கொடியில் போட்டது இரண்டு நாளானாலும் காயாது, வாடை வேறு அடிக்கும். டிரையரில் ஐந்து நிமிடம் சுற்றி எடுத்து ராத்திரி ஃபேனுக்குக் கீழே விரித்தால் காலைக்குள் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கும் இதே கதைதான். அதனால்தான் டிரையர் நின்றால் எல்லாருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தையை நிறுத்தச் சொல்லித்தான் இந்தக் கடிதம்: “எதையாவது டைரக்ட் பண்ணி ஓடுற மாதிரி பண்ணிக் கொடுத்துடு தம்பி.” டைரக்ட் என்றால், நிறுத்தும் சாமானை விலக்கிவிட்டு கரண்டை நேராக மோட்டாருக்கு விடுவது.

நான் பேசுவது நம் வீடுகளில் அதிகம் இருக்கும் செமி ஆட்டோமேட்டிக் மெஷினைப் பற்றி. இடது பக்கம் துவைக்கும் டப், வலது பக்கம் சின்னதாக டிரையர் டப். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் சூடான காற்றில் காயவைக்கும் டிரையர் இருக்கும். அது பாதியில் நின்றால் பெரும்பாலும் துணியிலிருந்து உதிரும் பஞ்சு காற்றுக் குழாயை அடைத்திருக்கும், இல்லாவிட்டால் ஈரத்தை அறியும் உலோகப் பட்டையில் வாசனை மருந்தின் பிசுபிசுப்பு படிந்திருக்கும். நம்முடையதில் சூடும் கிடையாது, காற்றும் கிடையாது. வேகமாகச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

பாதியில் நிற்கும் டிரையர் பெரும்பாலும் கெட்டுப்போன டிரையர் இல்லை. அதற்குள் நிறுத்துவதற்கென்றே வைத்த சாமான்கள் சில உண்டு. மூடியைத் திறந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், சுற்றும் டப்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக், மோட்டார் சூடேறினால் தானே துண்டித்துக்கொள்ளும் கட்-ஆஃப், நேரம் பார்க்கும் டைமர். டிரையர் நின்றால், இதில் ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். எது என்று கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், காது போதும்.

டிரையர் டைமருக்குள் இருப்பது சாவி கொடுக்கும் கடிகாரப் பொறி. நீங்கள் குமிழைத் திருகும்போது உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. அதற்கு கரண்ட் தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் ஓடும். ஆகவே டிரையர் நின்றதும் கத்தாமல் டைமர் பக்கம் காதை வையுங்கள். டிக் டிக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் முடியவில்லை, வேறு ஏதோ நிறுத்தியிருக்கிறது. சத்தம் ஓய்ந்து குமிழ் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் சொன்ன நேரத்துக்குத்தான் நின்றிருக்கிறது. திருகியவர் இரண்டு நிமிடத்துக்குத் திருகிவிட்டு ஐந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சிரிக்காதீர்கள், எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய மெஷின்களில் இது ரொம்ப சகஜம். குமிழ் நடுவிலேயே மாட்டிக்கொண்டு டப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் டைமர் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். குமிழை வலுக்கட்டாயமாகப் பின்பக்கம் திருப்பும் பழக்கம்தான் பாதி டைமர்களின் பல்லை உடைக்கிறது.

அடுத்தது மோட்டார். நின்ற டப்புக்குக் கீழே ‘உம்ம்ம்’ என்று உறுமுகிறதா, ஒரு சத்தமும் இல்லையா? உறுமினால் கரண்ட் வருகிறது, சுற்ற முடியவில்லை. அந்த நொடியே ஆஃப் பண்ணிவிடுங்கள்; சுற்றாத மோட்டாரில் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் காயில் கருகும், காயில் கட்டும் செலவு உங்கள் தலையில். சத்தமே இல்லையென்றால் கரண்டே அங்கே போகவில்லை: மூடி சுவிட்ச், டைமரின் உள்பக்கத் தொடுமுனை, பிளக், எலி கடித்த வயர் என்று தேட வேண்டும். நின்றதைக் கண்டுகொள்ளாமல் விட்டு, அரைமணி நேரம் கழித்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறதா? அப்படியானால் அது கட்-ஆஃப். மோட்டார் எதனாலோ சூடாகிறது. அந்த ‘எதனாலோ’வைக் கண்டுபிடிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கட்-ஆஃபும் சேர்ந்து போகும்.

எனக்கு வரும் போன்களில் அதிகமானவை துணி போடும் விதத்தால் வருகிறவை. சொன்னால் கோபித்துக்கொள்கிறீர்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிரையர் மோட்டார் நிமிடத்துக்கு 1,300, 1,400 சுற்று சுற்றும். நம் கரண்ட் 50 சைக்கிள். அந்தக் கரண்டில் இந்த மோட்டார் 1,500ஐத் தொடாது. கால் மீட்டர் அகலமுள்ள டப் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. காஞ்சிபுரம் ரோட்டில் பஸ் போகிற வேகம், உங்கள் சின்ன டப்புக்குள். ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்ட 200 கிராம் ஈரத்துணி அப்போது டப்பை வெளிப்பக்கமாக இழுப்பது 40 கிலோ எடைக்குச் சமம். டப் தள்ளாடி வெளிச்சுவரில் இடிக்கும், மெஷின் நகர்ந்து போகும், மேல் மூடி துள்ளும். மூடி துள்ளினால் அதன் கீழே இருக்கும் சுவிட்ச் விட்டு விட்டுத் தொடும். நிற்கும், ஓடும், நிற்கும். “சுவிட்ச் லூஸ் ஆயிடுச்சு” என்கிறீர்கள். சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, ஜீன்ஸ் பேன்ட்தான் ஒரு பக்கமாகக் கிடக்கிறது.

துவைத்த துணியைச் சொட்டச் சொட்ட அப்படியே தூக்கிப் போடாமல் கையால் ஒருமுறை பிழிந்துவிட்டு, சின்னத் துணிகளை அடியிலும் கனமானதைச் சுற்றிலும் சமமாகச் சுருட்டி வையுங்கள். உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். பெட்ஷீட்டோ ஜமக்காளமோ தனியாக ஒன்று மட்டும் போடக் கூடாது. அது எப்போதும் ஒரு பக்கம்தான் போய் உட்காரும். கூடவே எதிர்ப்பக்கம் ஒரு துண்டையும் ஒரு லுங்கியையும் திணித்தால் டப் அடங்கும். முழுவதும் நிரப்பவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தட்டை வைத்து அமுக்க வேண்டும். மெஷின் வாங்கும்போது கூடவே வருமே, அது. முக்கால்வாசி வீடுகளில் அந்தத் தட்டு தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகியிருக்கும். அது இல்லாவிட்டால் கைக்குட்டையும் குழந்தை சாக்ஸும் மேலே எழும்பி, சுற்றும் டப்புக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் விழும். அங்கே விழுந்தது டப்புக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். மோட்டார் உறுமும், நிற்கும். போன மழையில் மானாம்பதிப் பக்கம் ஒரு டப்பைக் கழற்றினேன்: அடியில் இரண்டு ஹேர்பின், ஒரு ஊக்கு, கறுத்துப்போன ஒரு ரூபாய்க் காசு, இவை எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய மாதிரி ஒரு பள்ளிக்கூட டை. அந்த வீட்டுப் பையன் டை தொலைந்ததற்கு அடி வாங்கியிருந்தான்.

மெஷின் நிற்கும் தரையையும் பாருங்கள். பின்கட்டில் கடப்பாக் கல்லின் மேலோ, நான்கு செங்கல்லின் மேலோ வைத்திருப்பீர்கள். ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்பினால் நீங்கள் எவ்வளவு சமமாகத் துணி போட்டாலும் ஆடும்.

இனி லோ வோல்டேஜ். நம் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். ஏரித் தண்ணீர் இறங்கி, நவரைக்குக் கிணற்றையும் போரையும் நம்பும் மாதங்களில் திரீ பேஸ் கரண்ட் வந்ததும் எல்லாக் கழனி மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும். கழனிக்குப் பக்கத்து வீடுகளில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் இருக்கும். ஐம்பது வோல்ட்தானே குறைகிறது என்று நினைக்க வேண்டாம். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். 180இல் கிடைப்பது நூற்றுக்கு அறுபது பங்கு இழுவைதான். ஈரத்துணியோடு டப் வேகம் பிடிக்கத் திணறும், மோட்டார் கொதிக்கும், கட்-ஆஃப் விழும். முன்பெல்லாம் குண்டு பல்பு மங்கினால் லோ வோல்டேஜ் என்று கண்ணிலேயே தெரியும். எல்.இ.டி. வந்த பிறகு அந்த அடையாளம் போய்விட்டது. பல்பு பளிச்சென்று எரியும், மெஷின் மட்டும் தவிக்கும். இப்போது பார்க்க வேண்டியது சீலிங் ஃபேனை. ஐந்தில் வைத்தும் மூன்றில் ஓடுவதுபோல் சோர்ந்து சுற்றினால் அந்த நேரத்தில் டிரையர் போடாதீர்கள்.

பழைய டிவி ஸ்டெபிலைசரை மெஷினுக்கு மாட்டிவிட்டு “ஸ்டெபிலைசர் இருக்கே” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது. அதைவிட மோசமானது, உள்ளறையிலிருந்து பின்கட்டு வரை இழுத்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர். லைனில் குறைந்த வோல்டேஜை அது வழியிலேயே இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; சுடுகிறதென்றால் எவ்வளவு தின்கிறது என்று தெரியும்.

தண்ணீர் போகும் ஓஸ் பைப்பைப் பற்றிச் சுருக்கமாக. போர்த் தண்ணீரில் உப்பு, அதோடு சோப்புக் கசடு, துணிப் பஞ்சு. மூன்றும் சேர்ந்து ஓஸை அடைக்கும். டிரையரிலிருந்து வெளியேறிய தண்ணீர் போக வழியில்லாமல் கூட்டுக்குள் நிற்கும், டப் தண்ணீரில் உரசிச் சுற்றும், இழுக்க முடியாமல் நிற்கும். ஓஸின் வாயைத் தரையைவிட உயரமாகத் தூக்கி வாளியில் விடுவதும் இதையேதான் செய்யும். தாழ விடுங்கள். தோட்டத்துக்குப் பாய்ச்ச வேண்டுமென்றால் வாளியைக் கீழே இறக்குங்கள், ஓஸை மேலே ஏற்றாதீர்கள். எலி உள்ளே நுழையாமல் மெஷினின் அடிப்பக்கத்தில் தகரமோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கிறதா என்றும் ஒருமுறை குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் கம்பி வலை கட்டுங்கள்.

மோட்டார் கிளம்ப உதவும் கண்டென்சர் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. டிரையர் மோட்டாருக்கு வழக்கமாக வருவது 5 மைக்ரோஃபாரட் பக்கம். அது வலுவிழந்தால் மோட்டார் உறுமும், கையால் ஒரு தள்ளு தள்ளினால் கிளம்பும். (கையால் தள்ளாதீர்கள். கிளம்பினால் கை உள்ளே இருக்கும்.) மாற்றும்போது “கொஞ்சம் பெருசா போடு, ஸ்பீடா சுத்தட்டும்” என்கிறார்கள். வேகத்தைத் தீர்மானிப்பது 50 சைக்கிள், கண்டென்சர் இல்லை. பெரிதாகப் போட்டால் சூடு மட்டும்தான் அதிகமாகும். மெஷினில் எழுதியிருப்பதையே போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும். வீட்டுக்காரர் யூடியூப் பார்த்துப் பின்பக்கம் கழற்றினால் இதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இனி அந்த டைரக்ட் விஷயம்.

டிரையர் மூடிக்குக் கீழே இரண்டு வேலை நடக்கிறது. மூடியைத் தூக்கியதும் சுவிட்ச் கரண்டைத் துண்டிக்கிறது. அதே நேரத்தில் ஒரு பிரேக் வயர் அசைந்து, கீழே மோட்டார் தண்டில் இருக்கும் சக்கரத்தை பிரேக் கட்டை பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் டப் சில நொடியில் நிற்கிறது. சுவிட்ச் தொடாமல் டிரையர் நின்றுபோனால் அதற்குப் போகும் இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டால் போதும், உடனே ஓடும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்துகொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

செய்தால் என்ன ஆகும்? இனி மூடியைத் திறந்தாலும் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். கீழே பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கும், மோட்டார் அதை எதிர்த்துச் சுற்றப் பார்க்கும். கட்டை தேயும், மோட்டார் கொதிக்கும். கொஞ்ச நாளில் பிரேக்கும் பிடிக்காது. அப்போது மூடி திறந்திருக்க, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டப் ஓடிக்கொண்டிருக்கும், அதில் ஒரு துண்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைப் பிடித்து இழுக்கத் தோன்றாதா? ஈரத்துணி விரலைச் சுற்றினால் அது விடுவதில்லை. இப்படிப் பிழியும் மெஷின்களுக்கென்றே 60335 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலையில் 2-4 என்று தனிப் பகுதியே எழுதி வைத்திருக்கிறார்கள். சும்மா எழுதவில்லை.

அந்த சுவிட்ச் ஒன்றும் பெரிய விலை இல்லை. பல நேரம் மாற்றவே தேவைப்படாது: தொடுமுனைக்குள் எறும்போ பல்லியோ செத்துக் கிடக்கும், துடைத்தால் போதும். இல்லையென்றால் மூடியின் கீல் உடைந்து, மூடி சுவிட்சை அழுத்தும் அளவுக்கு இறங்காமல் இருக்கும். மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்து ஓட்டும் வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீல் மாற்றுவது மேல். பிரேக் வயர் தளர்ந்து கட்டை எப்போதும் உரசிக்கொண்டிருந்தாலும் இதே மாதிரி சூடேறி நிற்கும். ரப்பர் கருகும் வாடை அடித்தால் அதுதான். அதற்கும் மருந்து வயரைச் சரியாக இழுத்துக் கட்டுவது. பிரேக்கையே கழற்றி எறிவது இல்லை.

கட்-ஆஃபை டைரக்ட் பண்ணுவது இன்னும் கேடு. சூடேறிய மோட்டாரை நிறுத்த யாரும் இல்லாமல் போகும். மூன்றாவது முனையை வெட்டிய பிளக், எர்த் இல்லாத பின்கட்டு, ஈரத் தரை, வெறுங்கால்: இதுவும் ஒருவகை டைரக்ட்தான். மெஷினில் கை வைத்தால் ‘சுர்’ரென்று லேசாக இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் ‘சுர்’ இருக்கும் வீட்டில் டிரையரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எர்த்தைப் பார்க்க வேண்டும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை போர்டில் மாட்டுங்கள். அது அடிக்கடி விழுந்தால் அதையும் டைரக்ட் பண்ணச் சொல்லாதீர்கள். மெஷினில் எங்கோ கரண்ட் கசிகிறது என்று பொருள்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அறிக்கையில் இலவச வாஷிங் மெஷின் என்று இருந்தது ஞாபகம் இருக்கும். அந்தத் தேர்தலில் அவர்கள் ஜெயிக்கவில்லை, மெஷினும் வரவில்லை. வந்திருந்தால் ஒரே மழையில் எத்தனை மூடி சுவிட்சை டைரக்ட் பண்ணச் சொல்லிக் கேட்டிருப்பீர்களோ என்று நான் அப்போது கணக்குப் போட்டதுண்டு.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். அது தானே எழுதிக் காட்டும். சில மெஷின்களில் ‘யூஇ’ என்று வந்தால் துணி ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது, ‘ஓஇ’ என்றால் தண்ணீர் வடியவில்லை, ‘டிஇ’ என்றால் மூடி சரியாக மூடவில்லை. துணியைக் கலைத்துப் போட்டு, ஓஸைப் பார்த்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு மறுபடி போடுங்கள். அப்புறமும் வந்தால் கூப்பிடுங்கள்.

கூப்பிடும்போது “நின்னுடுச்சு” என்று மட்டும் சொல்லாதீர்கள். டைமரைத் திருகியதிலிருந்து நிற்கும்வரை போனை டப் பக்கத்தில் வைத்து, அந்தச் சத்தத்தை வாட்ஸ்அப்பில் பதிந்து அனுப்புங்கள். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது ஃபேன் எப்படி ஓடியது, உள்ளே என்ன துணி, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப ஓடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேருக்கு நான் வர வேண்டியதே இருக்காது. வர வேண்டியிருந்தால் வருவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு டப்பிலும் தண்ணீரை வடித்து, மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து வையுங்கள். குடத்தின் மேல் இருக்கும் அந்தத் தட்டையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரிப்பேர் கடைக்காரன்,
உத்திரமேரூர்